சர்க்கார் போட்ட நாற்காலி

கதை எழுதுகிறவன் சரித்திரப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அவனிடம் ஒரு கெட்ட வழக்கம் தலைகாட்டும். உடன்படிக்கையின் ஷரத்துகளை விட்டுவிடுவான். அது கையெழுத்தான அறையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் யாருடைய முகத்தைப் பார்க்க மறுத்தார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவான். எனக்கும் அந்த வழக்கம் உண்டு. அமெரிக்காவில் 1902ஆம் வருஷம் நடந்த நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தபோது, கூலிக் கணக்கும் டன் கணக்கும் மனத்தில் தங்குவதற்கு முன்னால் ஓர் அறைதான் வந்து தங்கியது.

அந்த வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி. வாஷிங்டன் நகரம். வெள்ளை மாளிகையில் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அருகிலேயே வேறொரு வீட்டில் குடியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்பு அவர் சென்ற குதிரை வண்டியின்மேல் டிராம் வண்டி மோதிக் காலில் பலமான அடி. ஆகவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே விருந்தாளிகளை வரவேற்றார்.

வந்தவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, சுரங்கங்களைக் கையில் வைத்திருந்த ரயில்வே கம்பெனிகளின் தலைவர்கள். அவர்களில் முதன்மையானவர் ரெடிங் ரயில்வேயின் ஜார்ஜ் பேயர். இன்னொரு கட்சியின் தலைவர் ஜான் மிட்செல். ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர், வயது 32. இளமையிலேயே தாய் தகப்பனை இழந்து, 12ஆவது வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். ஒரே அறையில் இருந்தும் பேயர் மிட்செலோடு பேசச் சம்மதிக்கவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் ஜனாதிபதியைப் பார்த்தே சொன்னார். பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனாலும் அந்த மனிதன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நாற்காலி போட்டது அமெரிக்க சர்க்கார். அந்த நாற்காலியின் மதிப்பு தெரியவேண்டுமானால், வாசகர்கள் என்னுடன் எட்டு வருஷம் பின்னால் வரவேண்டும்.

சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஜார்ஜ் புல்மன் என்ற முதலாளி தம் பெயராலேயே ஓர் ஊரைக் கட்டியிருந்தார். தூங்கும் வசதியுள்ள ரயில் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை அங்கே இருந்தது. தொழிலாளி வேலை செய்வதும் புல்மனிடம். குடியிருப்பதும் புல்மன் வீட்டில். 1893இல் நாட்டில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. புல்மன் கூலியைச் சராசரி 25 சதவிகிதம் குறைத்தார். வீட்டு வாடகையில் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்குப் போகும் லாபத்திலும் கை வைக்கவில்லை. 1894 மே மாதம் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். ஜூன் மாதக் கடைசியில் யூஜின் டெப்ஸ் என்பவருடைய தலைமையில் ரயில்வே தொழிலாளர் சங்கம் அவர்களுக்குத் துணையாக வந்தது. புல்மன் பெட்டி கோத்த ரயிலை நாங்கள் தொடமாட்டோம் என்றது. சிக்காகோவிலிருந்து மேற்கே போகும் ரயில்கள் நின்றன. மத்தியஸ்தத்துக்கு வாருங்கள் என்று எத்தனையோ பேர் புல்மனைக் கேட்டார்கள். மத்தியஸ்தம் பண்ண இதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

அப்போது சர்க்கார் தலையிட்டது. எப்படி என்று கேளுங்கள். அட்டர்னி ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் ஆல்னி அதற்குமுன் ரயில்வே கம்பெனிகளின் வக்கீல். மந்திரியான பிறகும் ஒரு ரயில்வே கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. அது மந்திரிச் சம்பளத்தைவிட அதிகம். தபால் தடைப்படுகிறது என்பது அவர் கண்டுபிடித்த காரணம். நியாயஸ்தலத்தில் தடையுத்தரவு வாங்கினார். வேலைநிறுத்தம் செய்யும்படி ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுகூடக் குற்றமாயிற்று. ஜனாதிபதி கிளீவ்லண்டு பட்டாளத்தை அனுப்பினார். இல்லினாய் மாகாண கவர்னர் ஆல்ட்கெல்டு, "நான் கேட்கவில்லையே, என் மாகாணத்தை நானே பார்த்துக்கொள்வேன்" என்ற கருத்தில் ஆட்சேபித்துத் தந்தி அடித்தார். பலன் இல்லை. பட்டாளம் வந்த பிறகுதான் கலகம் பெரிதாயிற்று. சிக்காகோவில் பத்துப் பேருக்கு மேல் சுடப்பட்டு இறந்தார்கள். டெப்ஸ் சிறைக்குப் போனார். சங்கம் சிதறியது.

இந்தக் கதையில் வரும் மூன்று பேரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர், அன்று அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்கோபீல்டு. இரண்டாமவர், எல்லாம் முடிந்த பிறகு நடந்தது என்ன என்று விசாரிக்க அமைத்த கமிஷனின் தலைவர் காரல் ரைட், புள்ளிவிவரத்தில் நிபுணர். மத்தியஸ்தத்துக்கு மறுத்தது புல்மன் கம்பெனியின் பிழை என்று அவருடைய கமிஷன் எழுதியது. ஆனால் இறந்தவர்களைப் புதைத்து மாதங்கள் ஆகியிருந்தன. மூன்றாமவர், டெப்ஸுக்காக வாதாடுவதற்காக ரயில்வே கம்பெனி உத்தியோகத்தை விட்டு வெளியே வந்த இளம் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ. எட்டு வருஷத்துக்குப் பிறகு இந்த மூவரும் மறுபடியும் வரப்போகிறார்கள்.

இனி நிலக்கரிக்கு வருவோம். பென்ஸில்வேனியா மாகாணத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு சிறிய பிரதேசம். கெட்டியான, புகை அதிகமில்லாமல் எரியும் நிலக்கரி அமெரிக்காவில் அநேகமாக அங்கே மட்டுமே கிடைத்தது. நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களில் வீட்டுக் கணப்பு அதை நம்பியே எரிந்தது. நம் ஊரில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். அங்கே அடுப்புக் கரி இல்லாத வீட்டில் குழந்தை விறைத்துப்போகும். இதை மனத்தில் கொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

அந்தக் கரியை வெட்டியவர்களின் நிலைமை என்ன? 2,240 ராத்தல் கொண்டது ஒரு டன். சில சுரங்கங்களில் 2,700 ராத்தலுக்கு மேல் வெட்டிக் கொடுத்தால்தான் ஒரு டன்னுக்குக் கூலி. கல் கலந்திருக்கிறதே என்பது கம்பெனி சொன்ன சமாதானம். கல் கலந்திருப்பதாகக் கூலியிலும் தனியே பிடித்துக்கொள்வார்கள். எடை போடுகிறவன் கம்பெனி ஆள். நம் மளிகைக் கடைக்காரர் தராசில் விரலை வைத்தால் நாம் சண்டை போடலாம். அடுத்த கடைக்குப் போகலாம். சுரங்கத் தொழிலாளிக்கு அடுத்த கடை கிடையாது. கரியை உடைத்துச் சலிக்கும் கட்டடங்களில் சிறுவர்கள் பலகைமேல் குனிந்து உட்கார்ந்து, காலுக்கடியில் ஓடும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லவேண்டிய வயது அவர்களுக்கு.

அங்கேயும் சர்க்கார் தலையிடாமல் இருந்ததில்லை. 1897 செப்டம்பரில் லாட்டிமர் என்ற இடத்தில் ஆயுதமில்லாமல் ஊர்வலமாகப் போன தொழிலாளிகளை ஷெரீப்பின் ஆட்கள் சுட்டார்கள். 19 பேர் இறந்தார்கள். வழக்கு நடந்து, சுட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். இறந்தவர்கள் போலந்து முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத பத்துப் பன்னிரண்டு பாஷைக்காரர்களை ஒரே சங்கத்தில் சேர்ப்பது ஆகாத காரியம் என்று முதலாளிகள் நிம்மதியாக இருந்தார்கள். மிட்செல் அதைச் செய்துகாட்டினார். வெட்டுகிறவன் எந்த நாட்டான் என்று கரிக்குத் தெரியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

1902 மே 12ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் வேலையை விட்டு நின்றார்கள். 20 சதவிகிதக் கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை, நேர்மையான எடை, சங்கத்துக்கு அங்கீகாரம் என்பவை கோரிக்கைகள். முதல் மூன்றைப் பற்றியாவது பேரம் பேசலாம். நாலாவதைப் பற்றிப் பேச்சே கிடையாது என்றார்கள் முதலாளிகள். தொழிலாளியின் நலனை ஆண்டவன் யாரிடம் ஒப்படைத்திருக்கிறான் தெரியுமா? தன் எல்லையற்ற ஞானத்தினால் யாருக்குச் சொத்தைக் கொடுத்தானோ அந்தக் கிறிஸ்தவக் கனவான்களிடம்தான் என்று பேயர் ஜூலை மாதம் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்துவிட்டது. பாதிரியார்களே முகம் சுளித்தார்கள். மிட்செல் நூறு மேடைகளில் பேசிச் சேர்க்க முடியாத அனுதாபத்தைப் பேயர் ஒரு தபால் செலவில் தொழிலாளிகளுக்குச் சேர்த்துக்கொடுத்தார்.

ஆனாலும் கோடைக்காலம் முழுவதும் சர்க்கார் அசையவில்லை. தலையிடச் சட்டத்தில் இடமில்லை என்று அட்டர்னி ஜெனரல் நாக்ஸ் சொல்லிவிட்டார். ரூஸ்வெல்ட் காரல் ரைட்டைக் கூப்பிட்டு விசாரித்து அறிக்கை கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். இலையுதிர்காலம் வந்தது. டன் ஐந்து டாலருக்கு விற்ற கரி இருபது டாலரைத் தாண்டியது. சில ஊர்களில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நவம்பரில் தேர்தல் வேறு. அப்புறம்தான் அக்டோபர் 3ஆம் தேதி அறைக்கு அழைப்பு போயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிறுவர்கள் கல் பொறுக்கியபோது தலையிடாத சர்க்கார், 2,700 ராத்தலை ஒரு டன் என்றபோது தலையிடாத சர்க்கார், நடுத்தர வர்க்கத்து வீட்டில் அடுப்பு அணைந்தபோது தலையிட்டது. ரூஸ்வெல்ட்டே அதை மறைக்கவில்லை. இந்தத் தகராறில் முதலாளி, தொழிலாளி, பொது ஜனங்கள் என்று மூன்று கட்சிகள் உண்டு. நான் மூன்றாவது கட்சிக்காகப் பேசுகிறேன் என்பதுதான் கூட்டத்தில் அவர் கூறியதன் கருத்து. அவர் தொழிற்சங்கத்தின் பக்தரும் அல்ல. 1896 தேர்தலில் ஊர் ஊராகப் போய் ஆல்ட்கெல்டைக் கடுமையாகச் சாடியவர். வேலைநிறுத்தம் என்று கேட்டதும் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? பஸ் எப்போது ஓடும், பால் எப்போது வரும் என்றுதானே? அந்தக் கேள்விக்குத்தான் சர்க்கார் செவி சாய்த்தது. இது நமக்குப் பெருமையா, வெட்கமா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

அறைக்குத் திரும்புவோம். மிட்செல் எழுந்து ஒரு யோசனை சொன்னார். ஜனாதிபதியே ஒரு கமிஷனை நியமிக்கட்டும். தொழிலாளிகள் உடனே வேலைக்குத் திரும்புகிறோம். தீர்ப்பு எங்களுக்கு விரோதமாக இருந்தாலும் கட்டுப்படுகிறோம் என்றார். கம்பெனித் தலைவர்கள் மறுத்துவிட்டார்கள். கலகக்காரர்களோடு பேச எங்களைக் கூப்பிட்டதே தவறு, பட்டாளத்தை அனுப்புங்கள் என்ற தோரணையில் பேசினார்கள். சட்டத்தைக் காட்டி, சங்கத்தின்மேல் வழக்குத் தொடரும்படி ஒருவர் ஜனாதிபதிக்கே புத்தி சொன்னார். 1894இல் பலித்த மருந்து இப்போதும் பலிக்கும் என்று அவர்கள் எண்ணியதில் ஆச்சரியமில்லை. அந்த அறையில் கனவானாக நடந்துகொண்டவர் மிட்செல் ஒருவரே, தாம்கூட அல்ல என்று ரூஸ்வெல்ட் பிற்பாடு சொன்னார்.

கூட்டம் தோல்வி. மூன்று நாள் கழித்துப் பென்ஸில்வேனியா கவர்னர் மாகாணப் படை முழுவதையும் சுரங்கப் பிரதேசத்துக்கு அனுப்பினார். பாதுகாப்பு மட்டும் கொடுத்தால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு ஓடிவருவார்கள் என்பது முதலாளிகள் அதுவரை சொல்லிவந்த பேச்சு. படை வந்தது, ஆட்கள் வரவில்லை. துப்பாக்கி முனையில் சாலையைத் திறக்கலாம். கரி வெட்ட முடியாது.

அப்போதுதான் ரூஸ்வெல்ட் ஜெனரல் ஸ்கோபீல்டை அழைத்தார். ஓய்வு பெற்றிருந்த அந்தக் கிழச் சிப்பாயிடம் ரகசியமாக ஒரு திட்டத்தைச் சொன்னார். ராணுவத்தோடு போய்ச் சுரங்கங்களைக் கைப்பற்றி, முதலாளிகளை வெளியேற்றி, சர்க்கார் பேரில் நடத்தவேண்டும். ஸ்கோபீல்டு சம்மதித்தார். 1894இல் முதலாளிக்காக நகர்ந்த அதே ராணுவம், அதன் பழைய தளபதியின் தலைமையிலேயே இப்போது முதலாளிக்கு எதிராக நகரத் தயாராக இருந்தது. சட்டம் இதற்கு இடம் கொடுக்குமா என்பது பெரிய சந்தேகம். நல்லவேளையாகவோ என்னவோ, அதைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் வரவில்லை.

யுத்த மந்திரி எலிஹு ரூட் அக்டோபர் 11ஆம் தேதி நியூயார்க் போனார். கரி ரயில்வேக்களின் பின்னால் இருந்த பெரிய பணக்காரர் ஜே. பி. மார்கனை அவருடைய உல்லாசக் கப்பலில் சந்தித்தார். இருவரும் உட்கார்ந்து ஒரு கமிஷனுக்கு வரைவு எழுதினார்கள். ஜனாதிபதி சொன்னபோது மறுத்தவர்கள், மார்கன் சொன்னபோது ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவில் அன்று யார் சொல் அம்பலம் ஏறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் முதலாளிகள் ஒரு நிபந்தனை போட்டார்கள். கமிஷனில் ஒரு ராணுவ எஞ்சினீயர் இருக்கலாம், சுரங்க எஞ்சினீயர் இருக்கலாம், நீதிபதி இருக்கலாம், கரி வியாபாரம் தெரிந்தவர் இருக்கலாம், சமூக சாஸ்திரத்தில் பேர்பெற்ற ஒரு பிரமுகர் இருக்கலாம். தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர் மட்டும் கூடாது! அக்டோபர் 15ஆம் தேதி இரவு நெடுநேரம் பேரம் நடந்தது. கடைசியில் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு யுக்தி உதித்தது. ரயில்வே கண்டக்டர்கள் சங்கத்தின் தலைவர் ஈ. ஈ. கிளார்க்கைச் சமூக சாஸ்திர நிபுணர் என்று பெயர் சூட்டி நியமித்தார். முதலாளிகள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள்! நம் வீடுகளில் பெயர் சொல்லாமல் "ஏனுங்க" என்று கூப்பிடுவதில்லையா? ஆளை மறுக்கவில்லை, பெயரைத்தான் வாயால் சொல்லக்கூடாது. ஒரு கத்தோலிக்க பிஷப்பும் சேர்ந்தார். காரல் ரைட்டும் சேர்ந்தார். 1894இல் எல்லாம் முடிந்த பிறகு பிரேத பரிசோதனை செய்தவர், இந்தத் தடவை நோயாளி உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டார்.

அக்டோபர் 23ஆம் தேதி தொழிலாளிகள் சுரங்கத்தில் இறங்கினார்கள். வேலை நின்ற காலம் ஐந்து மாதத்துக்கு மேல். நவம்பரில் ஸ்க்ரான்டன் நகரில் விசாரணை தொடங்கியது. தொழிலாளிகளுக்காக வாதாட வந்த வக்கீல் கிளாரன்ஸ் டாரோ. 558 சாட்சிகள், பதினாயிரம் பக்கங்களுக்கு மேல் சாட்சியம். கம்பெனிகளும் தங்கள் கட்சியைச் சொல்லின. சங்கத்தில் சேராமல் வேலை செய்து அடிபட்டவர்களும் வந்து அழுதார்கள். அந்தப் பாவமும் சரித்திரத்தில் உண்டு. கமிஷன் அதைக் கண்டிக்கத் தவறவில்லை.

அந்த 558 பேரில் ஒரு சாட்சியை என்னால் மறக்க முடியவில்லை. அவனுக்கு வயது 12. கல் பொறுக்கும் பையன். தகப்பன் சுரங்க விபத்தில் இறந்துபோனவன். இறக்கும்போது கம்பெனி வீட்டுக்கு வாடகை பாக்கி வைத்திருந்தான். பையன் வேலை செய்கிறான். ஆனால் கூலி கைக்கு வருவதில்லை. தகப்பன் பாக்கிக்கு வரவு வைத்துக்கொண்டார்கள். ஏழு பெரிய மனிதர்களுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் இதைச் சொன்னான். நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தை நான் வைத்தால், "மிகையாக எழுதுகிறீர்கள்" என்று கடிதம் வரும். இது சர்க்கார் பதிவேட்டில் ஏறிய சாட்சியம்.

1903 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கேட்டது 20 சதவிகிதம், கிடைத்தது 10. கேட்டது எட்டு மணி நேரம். பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஒன்பது. எடை பார்க்கத் தொழிலாளிகள் தங்கள் செலவில் தங்கள் ஆளை வைத்துக்கொள்ளலாம். இனி வரும் தகராறுகளைத் தீர்க்க இரு தரப்பாரும் சமமாக உட்காரும் ஒரு சபை. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது. ஆனால் அந்தச் சபையில் தொழிலாளர் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் சங்கத்தின் தலைவர்கள்தான். மறுபடியும் "ஏனுங்க" கதைதான்.

பாதிதானே கிடைத்தது, இதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். கல் பொறுக்கும் பையன்கள் அப்புறமும் பல வருஷங்கள் கல் பொறுக்கினார்கள். இதை மறைத்து ரூஸ்வெல்ட்டுக்கு மாலை போட எனக்கு மனமில்லை. ஆனால் சர்க்கார் இத்தகைய தகராறில் தலையிடலாமா கூடாதா என்று நாம் விவாதிக்கும்போதெல்லாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். சர்க்கார் எப்போதும் தலையிட்டுக்கொண்டுதான் இருந்தது. லாட்டிமரில் ஷெரீப்பாக வந்தது. சிக்காகோவில் தடையுத்தரவாகவும் பட்டாளமாகவும் வந்தது. 1902இல் அது செய்த புதுமை, இரண்டாவது கட்சிக்கும் ஒரு நாற்காலி போட்டு, "உன் கணக்கையும் சொல்" என்றதுதான். சொல்லவிட்ட பிறகு 2,700 ராத்தல் டன்னை நியாயப்படுத்துவது கஷ்டமாகிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு செய்தி. 1902இல் மிட்செலின் சங்கத்தில் காரியதரிசியாகவும் பொக்கிஷதாரராகவும் இருந்தவர் வில்லியம் வில்சன். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், ஒன்பது வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். 1913இல் அமெரிக்காவில் தொழிலாளர் இலாகா என்று தனியாக ஒரு மந்திரி இலாகா ஏற்பட்டது. அதன் முதல் மந்திரி அவர். பேயர் எந்தச் சங்கத்தின் பெயரை உச்சரிக்க மறுத்தாரோ அந்தச் சங்கத்தின் கணக்கு எழுதியவர், சர்க்காரின் மந்திரி சபையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேயர் அடுத்த வருஷம் காலமானார். செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லவில்லை. அதைக் கதைக்காரர்களுக்கு விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.